வெள்ளித் தம்ளரின் அடியில்



மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு தொழில்நுட்பக் கட்டுரை கேட்டார்கள். சி.என்.சி. பற்றி எழுதலாமா, ரோபோ பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதை எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனவே நான் ஒரு தம்ளரைப் பற்றி எழுதுகிறேன். தண்ணீர் குடிக்கிற தம்ளர்தான். சிரிக்காதீர்கள், கட்டுரை முடிவதற்குள் அடர்த்தி, அனீலிங், பிழைக் கணக்கு எல்லாம் வரும். நம்ம சிலபஸுக்கு வெளியே நான் போகவில்லை.

சிதறாலில் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே வெள்ளிச் சாமான் இந்தத் தம்ளர். உயரம் பத்து சென்டிமீட்டர். வெர்னியர் வைத்துப் பார்த்தால் சுவரின் கனம் அரை மில்லிமீட்டர். பாட்டியின் அம்மைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவர்களுடைய அப்பா கருப்பட்டி விற்றுச் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு ராஜா தலை ரூபாயை ஒரு தட்டாரிடம் கொடுத்து உருக்கிச் செய்ததாம். வீட்டில் பிள்ளை பிறந்தால் முதல் தண்ணீர் இதில்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சித் தண்ணீர் இதில்தான். மற்ற நாளெல்லாம் அரிசிப் பானைக்குள் துணி சுற்றிக் கிடக்கும். சூடான காப்பி மட்டும் இதில் ஊற்றக் கூடாது, கை பொள்ளிவிடும். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான் என்று பிசிக்ஸில் படித்தபோது எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

நான் முதலாண்டு சேர்ந்தபோது நல்ல மழைக்காலம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலி கிடையாது. கட்டணம், யூனிபாரம், மினி டிராப்டர், பஸ் என்று ஐயாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அம்மா தம்ளரைத் துணியில் பொதிந்துகொண்டு ஓர் அடகுக் கடைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அடிப்பக்கத்தில் ஓரமாகக் கல்லில் இழுத்தார், ஒரு சொட்டு ஆசிட் விட்டார். "அறுபதுதான் இருக்கும். மிச்சமெல்லாம் செம்பாக்கும்" என்றார். நாலாயிரம் கிடைத்தது. மீதி ஆயிரம் பக்கத்து வீட்டில் கைமாற்று.

எனக்கு வருத்தம் ஆயிரம் ரூபாயில் இல்லை. திரும்பி வரும்போது அம்மா சொன்னார்கள்: "நம்மள மாதிரி ஆளுக கையில பன்னெண்டு ரூபாயும் நல்ல ரூபாயாவா இருந்திருக்கும், மக்களே? இல்லேன்னா தட்டாரு எடுத்திருப்பாரு." எழுபது எண்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம் அரை நிமிடத்தில் போய்விட்டது. ஒன்று, கருப்பட்டி விற்றவர் ஏமாந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் ஏமாற்றியிருக்க வேண்டும். இரண்டு பேரும் இன்று இல்லை. யாரிடம் கேட்பது?

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வாழைக்குலை ஏற்றும் வேலைக்குப் போய்த் தம்ளரை மீட்டேன். அந்தச் சமயம்தான் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வெள்ளிக் கோப்பைகளின் படம் பார்த்தேன். கைப்பிடி இல்லாத, வாய் சற்றே விரிந்த ஒரு கோப்பை. அப்படியே எங்கள் தம்ளர்! முந்நூறு வருடம் பழையது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன்மீது இரண்டு எழுத்து குத்தியிருந்தது. அந்த எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பாஸ்டனில் 1652-ஆம் ஆண்டு ஒரு நாணயச் சாலை தொடங்கினார்கள். இங்கிலாந்து ராஜாவின் அனுமதியெல்லாம் கிடையாது, மாசசூசெட்ஸ் குடியேற்றமே துணிந்து ஆரம்பித்தது. அதை நடத்தியவர்கள் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு தட்டார்கள். சாண்டர்சன் லண்டனில் தொழில் படித்தவர். ஹல் சிறுவனாகக் கப்பலில் வந்து பாஸ்டனில் கற்றவர். பைன் மரம் பொறித்த ஷில்லிங் இவர்கள் அடித்ததுதான். முப்பது வருடம் அந்தச் சாலை நடந்தது, ஆனால் ஏறக்குறைய எல்லாக் காசிலும் 1652 என்றே இருக்கும். காரணம் பற்றிப் பல கதை உண்டு. நாம் அதற்குள் போக வேண்டாம்.

அதே இருவர்தான் கோப்பையும் செய்தார்கள். அந்த ஊரில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. பிறகு வெள்ளி எங்கிருந்து வந்தது? காசிலிருந்துதான். ஸ்பெயின்காரர்கள் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையிலும் மெக்ஸிகோவிலும் வெட்டி எடுத்த வெள்ளி, எட்டு ரியால் நாணயமாக உலகமெல்லாம் சுற்றியது. பொட்டோசியில் அதைத் தோண்டியவர்கள் முறைபோட்டுக் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட அந்த மண்ணின் மக்கள். அந்தக் காசு கடல் வணிகத்தில் பாஸ்டனுக்கு வரும். கையில் காசு சேர்ந்தவர் அதைப் பையோடு கொண்டுபோய்த் தட்டாரிடம் கொடுத்துக் கோப்பையாக்கிக்கொள்வார்.

ஏன்? அமெரிக்காவில் முதல் வங்கி திறந்தது 1782-இல். அதற்கு முன்னே சேமிப்பென்றால் வீட்டுக்குள்தான். காசைத் திருடிக்கொண்டு போனால் அது யார் காசு என்று சொல்ல முடியாது, எல்லாக் காசும் ஒரே முகம். கோப்பையில் உடையவர் பெயரெழுத்து இருக்கும், செய்தவர் முத்திரை இருக்கும், அடியில் பல நேரம் எடையும் கீறியிருக்கும். களவு போனால் பத்திரிகையில் அடையாளம் சொல்லி விளம்பரம் கொடுப்பார்கள். யாராவது அதை விற்கக் கொண்டுவந்தால் பிடித்து வைக்கும்படி தட்டார்களுக்கும் சொல்லி வைப்பார்கள். அவசரம் வந்தால் கோப்பையை மறுபடி உருக்கிக் காசாக்கலாம். ஆக அது குடிக்கக்கூடிய சேமிப்பு. நம்ம வீட்டு அரிசிப் பானைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்!

விலைக் கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான். வெள்ளியின் எடைக்கு ஒரு விலை, வேலைக்குத் தனி விலை. நம்ம நகைக்கடை பில்லில் செய்கூலி என்று போடுகிறார்களே, அதேதான்.

இனி செய்முறை. நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். சுத்த வெள்ளி பாத்திரத்துக்கு ஆகாது, மிருதுவானது, கீழே விழுந்தால் நெளியும். அதனால் செம்பு சேர்ப்பார்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மிச்சம் செம்பும் என்றால் அது ஸ்டெர்லிங். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. ஆனால் வெள்ளி 72 பங்கு, செம்பு 28 பங்கு என்று கலந்தால் 779 டிகிரியிலேயே முழுவதும் உருகிவிடும். இரண்டு உலோகமும் தனித்தனியாக நிற்கும்போது உள்ள உறுதி, சேரும்போது இல்லை. மெட்டலர்ஜி பாடத்தில் யூடெக்டிக் என்று படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உருக்கிய வெள்ளியைக் கட்டியாக வார்த்து, சுத்தியலால் அடித்துத் தகடாக்க வேண்டும். தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் காம்பஸ் முனையால் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டங்கள் கீறிக்கொள்வார்கள். பிறகு இரும்பு முளை மேல் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கமாக ஒவ்வொரு வட்டத்தையும் அடித்துக்கொண்டே வந்தால் தட்டு கிண்ணமாகும், கிண்ணம் கோப்பையாகும். ஒட்டுப் போடாமல் ஒரே தகட்டிலிருந்து பாத்திரம் எழும்பி வருகிறது. பழைய கோப்பைகளின் அடியில் அந்த நடுப்புள்ளியை இன்றும் பார்க்கலாம் என்கிறார்கள்.

அடிக்க அடிக்க வெள்ளி விறைத்துப் போகும். நம்ம ஒர்க்ஷாப்பில் கம்பியை இரண்டு மூன்று தடவை மடக்கினால் நாலாவது தடவை ஒடிகிறதே, அந்த ஒர்க் ஹார்டனிங்தான். அதனால் ஒரு சுற்று அடித்ததும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி நனைக்க வேண்டும். மறுபடி மிருதுவாகும். மறுபடி அடி. இப்படி ஒரு கோப்பைக்கு எத்தனை தடவை என்பது தகட்டின் கனத்தையும் கையின் பழக்கத்தையும் பொறுத்தது. காய்ச்சும்போது மேலே கறுப்புப் படலம் வரும், மென் அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். கடைசியில் வழவழப்பான முகமுள்ள சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி, முன்பு விழுந்த அடித் தடத்தையெல்லாம் சமன் செய்வார்கள்.

இது ஒரு வழி. இன்னொரு வழி சுலபமானது. தகட்டைச் சுருட்டிப் பக்கவாட்டில் பற்று வைத்து, அடித்தட்டைத் தனியாக ஒட்டுவது. பற்று வைக்கும் பொடியில் வெள்ளி குறைவு, செம்பும் துத்தநாகமும் கூடுதல். அப்போதுதான் பாத்திரம் உருகுவதற்கு முன்னால் பொடி உருகி மூட்டில் ஓடும். வெண்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் ஊத வேண்டும். பொடி வைத்து ஊதுகிற ஆட்களை நமக்கு வேறு விதத்திலும் தெரியும். அது இருக்கட்டும். எங்கள் தம்ளர் இரண்டாவது வகை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மஞ்சள் கோடு தெரியும், அடியைச் சுற்றிலும் தெரியும். இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பாஸ்டனிலும் பின்னாளில் இப்படி மாறியது. பால் ரெவியர் என்று ஒருவர். 1734-இல் பிறந்தவர், தகப்பனாரும் தட்டார். 1768-இல் ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணம் செய்தார். ராஜாவின் ஆட்கள் மிரட்டியும், தாங்கள் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற மாட்டோம் என்று நின்ற 92 சட்டசபை உறுப்பினர்களைக் கௌரவித்துச் செய்தது. எடை 45 அவுன்ஸ். இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு குடிபாத்திரத்தில் அரசியல் மனுவே எழுதிவிட்டார்! அது சுத்தியலால் எழுப்பியது. ஆனால் 1780-களுக்குப் பிறகு அவர் உருளையில் இழுத்த தகட்டைச் சுருட்டி டீப்பாத்திரங்கள் செய்தார். பிறகு 1801-இல் செம்புத் தகடு இழுக்கும் ரோலிங் மில்லே வைத்துவிட்டார். தட்டாராகத் தொடங்கித் தொழிற்சாலைக்காரராக முடித்தவர். பட்டடையிலிருந்து ரோலிங் மில்லுக்கு ஒரே ஆயுசில் வந்திருக்கிறார். இன்று நம்ம ஊர்க் கடைகளில் விற்கும் வெள்ளித் தம்ளர்களில் பலவும் ஸ்பின்னிங் லேத்தில் அச்சு மேல் தகட்டை அழுத்தி எடுத்தவைதான்.

இப்போது முத்திரைக்கு வருவோம். லண்டனில் வெள்ளிச் சாமானுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை 1300-ஆம் ஆண்டே சட்டமாகிவிட்டது. செய்தவர் தவிர வேறொருவர் சோதித்துத்தான் முத்திரை வைப்பார். பாஸ்டனில் அப்படிச் சோதனைச் சாலை கிடையாது. தட்டார் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தானே குத்துவார், அவ்வளவுதான். ஹல் குத்தியது ஐ, எச் என்ற இரண்டு ஆங்கில எழுத்து, சாண்டர்சன் ஆர், எஸ். அந்த எழுத்துக்கு அர்த்தம்: இதில் குறை இருந்தால் என்னிடம் வா. சோதனைச் சாலையின் இடத்தில் ஒரு மனிதனின் பெயர் நின்றது.

நம்ம பக்கம் எப்படி என்று தேடினேன். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் ராஜராஜன் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களின் பட்டியல் இருக்கிறது. வட்டில், மண்டை, கெண்டி, தளிகை என்று பெயர் வரிசை. கெண்டி என்பது நம்ம வீட்டுக் கிண்டிதான், ஆயிரம் வருடமாகப் பெயர் மாறவில்லை. ஒவ்வொன்றுக்கும் எடை கழஞ்சுக் கணக்கில் வெட்டியிருக்கிறது. தஞ்சையில் எடை போட 'ஆடவல்லான்' என்று பெயர் வைத்த நிறைகல்லே இருந்தது. எடைக்கல்லுக்கு நடராஜர் பெயர் என்றால் எவ்வளவு கவனம் பாருங்கள். மொத்த வெள்ளி 50,000 கழஞ்சுக்கு மேல். கழஞ்சு நாலரை கிராம் என்று வைத்தாலே 225 கிலோ. சேரனையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொண்டுவந்த பண்டாரமும் அவர் கொடைகளில் சேர்ந்தது. மலைநாடு என்றால் மேற்கே நம்ம பக்கம். போன வெள்ளியில் நம்ம ஊர்க்காரர் வெள்ளியும் இருந்திருக்கலாம் என்று நினைத்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது, ஆயிரம் வருடம் கழித்து!

கொடுத்தவர் பெயர் உண்டு, எடை உண்டு. அந்தப் பட்டியலில் பாத்திரம் செய்தவர் பெயர் இல்லை.

எங்கள் சிதறால் மலையிலும் அப்படித்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர் பள்ளி இருந்த பாறை அது. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் பாறையில் எத்தனையோ நாள் ஏறி விளையாடியிருக்கிறேன், எழுத்தில் என்ன இருக்கிறதென்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். அந்த அணியைச் செய்த கை எது? தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனி 'சாமி வெள்ளி' என்று பெயர் பெற்ற டீ செட், கோப்பை, கூஜா எல்லாம் விற்றது. வெள்ளைக்காரர் குடிக்கும் பாத்திரத்தில் நம்ம சாமி உருவங்களைப் புடைத்து எடுத்த வேலை. அதன் அடியில் கம்பெனியின் பெயர் குத்தியிருக்கும். உருவத்தை ஒவ்வொரு தட்டாகத் தட்டி எழுப்பிய தமிழ்க் கைவினைஞரின் பெயர் இருக்காது. நாகர்கோவில் வடசேரியில் இன்றும் வெள்ளிமேல் தங்கத் தகடு பதித்துக் கோவில் நகை செய்கிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அங்கேயும் ஊருக்குப் பெயர், ஆளுக்கு இல்லை. எங்கள் தம்ளரின் அடியில் 'செ' என்று ஓர் எழுத்து இருக்கிறது. அது பாட்டியின் அம்மை பெயர். தட்டாரின் எழுத்தைத் தேடினேன், இல்லை.

ஆகவே அவரிடம் கேட்க முடியாது. தம்ளரிடமே கேட்க வேண்டியதுதான்.

கேட்கும் முன் ஒரு சங்கதி. ராஜா தலை ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள், சுதந்திரத்துக்குச் சற்று முன் வெள்ளியே இல்லாமல் நிக்கல் ரூபாய் வந்தது. எனவே பழைய ரூபாயா, 1940-க்குப் பிந்தியதா என்பதைப் பொறுத்துத் தம்ளரின் தரம் மாறும். இன்னொன்றும் படித்தேன். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்து, நோட்டுக்கு ரூபாய் கொடுக்கச் சர்க்கார் திணறியது. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் மிகப் பெரும் பகுதி கட்டி வெள்ளியாக இந்தியாவுக்கு வந்து ரூபாயாக அடிக்கப்பட்டது. கருப்பட்டி விற்றவர் கையில் இருந்த ஜார்ஜ் ராஜா ரூபாயில் ஒன்றிரண்டாவது ஒருகாலத்தில் அமெரிக்க டாலராக இருந்திருக்கலாம்! பாஸ்டன் கோப்பையும் எங்கள் தம்ளரும் தூரத்துச் சொந்தம்.

இனி சோதனை. நீங்களும் செய்து பார்க்கலாம், செலவில்லை. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. கலவையில் செம்பு கூடக்கூட அடர்த்தி குறையும். ஆர்க்கிமிடீஸ் கணக்குத்தான். டிஜிட்டல் தராசின் மேல் ஒரு பெரிய பீக்கரில் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். பாத்திரத்தை நூலில் கட்டி, ஸ்டாண்டிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முழுவதும் முங்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் தட்டக் கூடாது. தராசு காட்டுவது பாத்திரம் விலக்கிய தண்ணீரின் எடை. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், பிரஷ்ஷால் தடவி விடுங்கள்.

ஆய்வக சார் அனுமதியோடு செய்தேன். தம்ளர் 137.6 கிராம். பன்னிரண்டு ரூபாய் என்றால் 140 கிராம் இருக்க வேண்டும், உருக்கியதிலும் தேய்ந்ததிலும் இரண்டரை கிராம் போயிருக்கிறது. அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது. தண்ணீரில் தொங்கவிட்டேன். பத்துத் தடவையில் ஏழு தடவை 13.3 காட்டியது, மூன்று தடவை 13.2. அடர்த்தி 10.35 என்று கணக்குப் போட்டேன். வெள்ளி 92 சதவீதம்! ரூபாயின் 917-க்கு அப்படியே பொருந்துகிறதே என்று குதித்தேன்.

சார் ஒரே கேள்வி கேட்டார்: "தண்ணி என்ன டெம்பரேச்சர்டே?" முகம் செத்துப்போயிற்று. நான் தண்ணீரின் அடர்த்தியை ஒன்று என்று போட்டிருந்தேன். நம்ம ஊர் வெயிலில் 28 டிகிரியில் அது 0.996. திருத்திப் போட்டால் தம்ளரின் அடர்த்தி 10.3 ஆகிறது, வெள்ளி 89 சதவீதமாகிறது. நாலாவது தசமத்தில் இல்லை, மூன்றாவது தசமத்தில் உள்ள ஒரு சின்ன எண் மூன்று சதவீத வெள்ளியைத் தின்றுவிட்டது.

அத்தோடு தராசின் பிழையையும் பார்க்க வேண்டும். அது 0.1 கிராம்வரைதான் காட்டும். 13.4 என்று எடுத்தால் 85 சதவீதம், 13.2 என்று எடுத்தால் 94. ஆக நேர்மையாகச் சொல்வதென்றால், எங்கள் தம்ளரில் வெள்ளி 85-க்கும் 94-க்கும் இடையில். அதுவும் மிச்சம் செம்பு என்று வைத்துத்தான். ஈயம் கலந்து அடர்த்தியை ஏமாற்ற முடியும், ஈயம் 11.34 இருக்கிறதே. ஜெர்மன் சில்வரை மட்டும் உடனே பிடித்துவிடலாம், அதில் பெயரைத் தவிர வெள்ளியே கிடையாது. அக்கியுரேட்டாக வேண்டுமென்றால் எக்ஸ்-ரே மெஷின் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். 917-தான் என்று நிரூபிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்று நிரூபிக்க முடிந்தது. அறுபது சதவீதமாக இருந்தால் தராசு 14.0 காட்டியிருக்க வேண்டும். எத்தனை தடவை போட்டாலும் அது 13.3-ஐத் தாண்டவில்லை. 1940-க்குப் பிந்திய அரைவெள்ளி ரூபாயும் அல்ல. கருப்பட்டி விற்றவர் கொண்டுபோனது நல்ல ரூபாய். தட்டார் அதைக் கெடுக்கவில்லை.

அப்படியானால் கடைக்காரர் பொய் சொன்னாரா? அப்படித்தான் முதலில் நினைத்தேன், இந்தக் கட்டுரையையே அவரைத் திட்டி எழுதுவதாக இருந்தேன். பிறகு தம்ளரைக் கவிழ்த்து, அவர் கல்லில் உரைத்த கீறலைத் தேடினேன். வெளியே தெரியும் இடத்தில் கீறல் விழக் கூடாதென்று அடி ஓரத்தில் உரைத்திருக்கிறார். அந்த இடம் சரியாக அந்த மஞ்சள் கோட்டின் மேல். அவர் கல்லில் இழுத்தது தம்ளரை அல்ல, பற்று வைத்த பொடியை! அதில் அறுபது சொன்னது தப்பே இல்லையாக இருக்கலாம். தெரிந்து அங்கே உரைத்தாரா, தெரியாமலா என்று என் தராசு காட்டாது.

இப்போது வெள்ளிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறது, 2005-இலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சாமானுக்கும் தனி ஆறெழுத்து அடையாள எண்ணும் குத்தித் தருகிறார்கள். வெள்ளிக்கு அது கட்டாயமில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள். பழையதை வைத்திருப்பவர்களுக்குத்தான் பீக்கரும் நூலும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பிழைக் கணக்கெல்லாம் விளக்கினேன், அது அவர்களுக்குப் பிடிபடவில்லை. "அறுபது இல்லேல்லா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்போ நல்ல ரூபாதான்" என்று சொல்லி, தம்ளரைப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். நம்ம ஒர்க்ஷாப்பில் எழுத்துக் குத்தும் பஞ்ச் செட் இருக்கிறது, அடியில் 89 என்று குத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "அதுல இனி ஒண்ணும் வெட்டாண்டாம்" என்றார்கள்.

தம்ளர் இப்போது அரிசிப் பானையில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்டுகிற சமயத்தில் மறுபடியும் மழை வரும், வெட்டு நிற்கும். அம்மா துணியில் பொதிந்துகொண்டு கிளம்பினால் இந்தத் தடவையும் நான் கூடப் போவேன். கல்லில் எந்த இடத்தை உரைக்க வேண்டும் என்று நான் காட்டுவேன்.